படைவீரர் வீடுகளுக்குப் போய்வந்த பரீதா டீச்சர்

பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குக் காலைப் பால் ஊற்றிக்கொண்டிருந்தபோது பரீதா டீச்சரின் மகள் ஸம்ராவின் அழைப்பு வந்தது. தலவிலத் தேவாலயத் திருவிழாவுக்குப் பந்தல் போடத் தொடங்கியிருந்த நேரம். கம்புகள் ஏற்றிய லொறிகள் வீதியில் இரைந்துகொண்டு போனதில் முதலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு மீண்டும் காதில் வைத்தேன்.

"ஸ்டெல்லா ஆன்ட்டி, உம்மா மவுத்தாகிட்டாங்க. விடியச் சுபஹு தொழுதுட்டு அந்த இடத்துலயே சாஞ்சிட்டாங்க. பின்னேரம் அஸருக்குப் பொறகு அடக்கம். கிறிஸ்டி அங்கிளையும் கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்கு ஓடினேன். என் கணவர் கிறிஸ்டி முற்றத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்னதும் கையை நிறுத்தினார். வெள்ளைச் சட்டையை எடுத்துத் தரச் சொன்னார்.  பாலாவிக்குப் போகும் பஸ்ஸில் பாதி வழியில் கேட்டார்.

"அவங்க எங்களுக்குச் செஞ்சதுக்கெல்லாம் நாங்க அவங்களுக்கு என்ன செஞ்சம், ஸ்டெல்லா?"

 இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. ஆனாலும் அவரை அறிந்தவர்களுக்காகவும் அறியாதவர்களுக்காகவும் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

டீச்சரின் முழுப் பெயர் சித்தி பரீதா. பாலாவியில் பிறந்து, புத்தளத்தில் முஸ்லிம் பாடசாலை ஒன்றில் நீண்டகாலம் சிங்களம் கற்பித்தவர். அவருடைய வாப்பாவுக்கு ஆனமடுவையில் பாத்திரக்கடை இருந்தது. சின்ன வயதில் கடையிலேயே வளர்ந்ததால் சிங்களம் அவருக்குத் தமிழைப் போலவே வரும். கோபம் வந்தால் சிங்களம், கவலை வந்தால் தமிழ் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இளம் வயதிலேயே கணவரை இழந்தார். ஒரே மகள் ஸம்ரா. டீச்சருக்கு ஒரே ஒரு தம்பி, ரிஸ்வான்.

ரிஸ்வான் இராணுவத்தில் சேர்ந்தபோது வீட்டில் பெரும் சண்டை. வாப்பா பல மாதங்கள் மகனோடு பேசவில்லை. ஊரிலும் ஆளுக்கொரு கதை. டீச்சர் மட்டும் தம்பியின் பக்கம் நின்றார். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் வன்னியில் ரிஸ்வான் இறந்தார். முத்திரையிட்ட பெட்டியில் உடல் வந்தது. திறக்க விடவில்லை. "முகத்தைக் காணாம அடக்கின பொறகு, அவன் எங்கயோ இருக்கிறான் எண்டுதான் மனசு சொல்லும்," என்று டீச்சர் ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அடக்கத்துக்கு வந்த அதிகாரிகள் அதற்குப் பிறகு வரவில்லை. ஊரும் அந்தப் பேச்சை விட்டுவிட்டது. ரிஸ்வான் தங்களுக்காக இறந்ததாக ஊர் நினைக்கவில்லை. தங்கள் ஆள் என்று நாடும் நினைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் டீச்சர் தனியாக நின்றார். தம்பி உயிரோடு திரும்பி வந்திருந்தால் எப்படி இருந்திருப்பான் என்று அவர் யோசிக்கத் தொடங்கியது அப்போதுதான். காலோ கையோ போய், ஏதாவது ஒரு வீட்டின் உள்ளறையில் கிடந்திருப்பான். அப்படிக் கிடப்பவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்களை யார் போய்ப் பார்க்கிறார்கள்? அந்த யோசனைதான் அவரை வீடு வீடாக நடக்கவைத்தது.

எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தார். கிறிஸ்டி கடற்படையில் இருந்தவர். படகு ஒன்றில் நடந்த வெடிப்பில் இரண்டு கண்களும் போயின. வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவர் யாரையும் அறைக்குள் விடமாட்டார். கடலுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் ஒரு தென்னந்தோட்டம்தான். ஆனால் கடல் பக்கத்து யன்னலைத் திறக்கவே விடமாட்டார். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர், அலைச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வார்.

முக்காடு போட்ட ஒரு பெண், கையில் குடையுடன், வெயிலில் நடந்து வந்து எங்கள் வாசலில் நின்றார். தம்பியைப் பற்றிச் சொன்னார். உள்ளேயிருந்து கிறிஸ்டி கத்தினார், "ஆரையும் பாக்கேலாது, போகச் சொல்லு!" டீச்சர் போகவில்லை. யன்னலுக்கு வெளியே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, என்னோடு தேங்காய் விலையையும் பஸ் கிடைக்காத கதையையும் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த கிழமையும் வந்தார். அதற்கடுத்த கிழமையும் வந்தார். ஒருநாள் உள்ளேயிருந்து கிறிஸ்டியே கேட்டார்.

"டீச்சர், உங்கட தம்பி எந்தப் பிரிவில இருந்தவர்?"

அன்றைக்கே டீச்சர் அவரைக் கடற்கரைக்குக் கூப்பிட்டார். கிறிஸ்டி முடியாது என்றார். டீச்சருக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்றைக்கு அவர் சிங்களத்துக்கு மாறவில்லை.

"கடல் உங்களுக்கு என்ன செஞ்சது? வெடி வெச்சது மனுசன். கடல் மேல ஏன் கோவப்படுறீங்க?"

கிறிஸ்டி எழுந்தார். நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். டீச்சர் முன்னால் நடந்து, "வேர் இருக்கு, காலைத் தூக்கி வைங்க. இனி மணல்," என்று சொல்லிக்கொண்டே போனார். தண்ணீர் காலில் பட்டதும் கிறிஸ்டி நின்றுவிட்டார். பிறகு குனிந்து இரண்டு கையாலும் அள்ளி முகத்தைக் கழுவினார். டீச்சர் கறுப்பு அபாயாவின் விளிம்பு நனைய நின்று, வேறு பக்கம் திரும்பி அடிவானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களை அழவிட வேண்டும் என்றுதான் அப்படித் திரும்பி நின்றார். அதன் பிறகு கிறிஸ்டி வலை பின்னப் பழகினார். நான் டீச்சரோடு வீடுகளுக்குப் போகத் தொடங்கினேன்.

இந்தச் சேவையை எல்லாரும் பாராட்டினார்கள் என்று எழுதினால் அது பொய். அவருடைய பாடசாலையில் வடக்கிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர் இருந்தார். இராணுவம் அடித்த ஷெல்லில் மகனைப் பறிகொடுத்தவர். ஒருநாள் ஆசிரியர் அறையில் அவர் கேட்டார்: "டீச்சர், அவங்கட காயத்துக்கு மருந்து கட்டேக்க உங்கட கை கூசேல்லையோ?"  மறுநாள் டீச்சர் அந்த ஆசிரியையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நீங்க கேட்டது சரியான கேள்வி. எனக்கிட்ட பதில் இல்ல. ஆனா நீங்க கேட்டத நான் மறக்க மாட்டேன்," என்றாராம். அந்த ஆசிரியையே இதை எனக்குச் சொன்னார். அதற்குப் பிறகு இருவரும் பகல் சாப்பாட்டை ஒன்றாகவே சாப்பிட்டார்கள்.

இனி பண்டார சார்ஜன்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்த நினைவுகள் முழுமையடையா.

பாலாவியிலிருந்து உள்ளே போகும் கிராமம் ஒன்றில் அவர் இருந்தார். கண்ணிவெடியில் ஒரு கால் போயிருந்தது. நாங்கள் முதலில் போனபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மனைவி சோறு வைத்தாலும் திரும்பமாட்டார். செயற்கைக் கால் கட்டிலுக்கு அடியில் பெட்டியோடு அப்படியே கிடந்தது. அங்கே டீச்சர் பேசியது எல்லாம் சிங்களத்தில்; இங்கே தமிழில் தருகிறேன்.

"மல்லி, எழும்புங்க. நான் வெயில்ல நடந்து வந்தது உங்கட முதுகைப் பாக்க இல்ல."

மல்லி என்றால் தம்பி. அந்தச் சொல்லை டீச்சர் இலேசில் யாருக்கும் சொல்லமாட்டார். அன்று ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியும். சுவரைப் பார்த்துக் கிடந்தவரின் பிடரியும் காதும் ரிஸ்வானுடையதைப் போலவே இருந்ததாகத் திரும்பி வரும் வழியில் சொன்னார்.

பல மாதங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனோம். அந்நிய ஆணைத் தொட்டுத் தூக்குவது டீச்சருக்குச் சரிவராது. அதனால் மடக்கிய குடையின் ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறு முனையை அவரிடம் நீட்டுவார். பண்டார அதைப் பிடித்துக்கொண்டு செயற்கைக் காலை ஊன்றி அறையிலிருந்து கிணற்றடி வரை நடந்தார். பிறகு ஒழுங்கை வரை. பிறகு பஸ் தரிப்பிடம் வரை. ஒருநாள் குடையை விட்டுவிட்டுத் தானாக நடந்து வீதியைக் கடந்தார். அவர் மனைவி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "அக்கே, நீங்க எனக்கு உடன்பிறந்த அக்காவை விட மேல்," என்று பண்டார அன்று சொன்னார். நானும் கேட்டேன்.

எங்கள் வேலை பெருகியபோது சங்கம் ஒன்றைத் தொடங்கினோம். காயப்பட்டவர்களைப் பார்க்கப் போவது, வைத்தியசாலைக்குக் கூட்டிப்போவது, சக்கர நாற்காலி போக வீட்டு வாசலைச் சரிசெய்து கொடுப்பது, இறந்தவர்களை வருடத்தில் ஒருநாள் நினைவுகூர்வது. எல்லாரும் டீச்சரைத் தலைவராக இருக்கச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். "தலைவர் படையில இருந்தவரா இருக்கணும். அப்பதான் அவங்கட சங்கம்," என்று சொல்லிப் பண்டாரவின் பெயரைச் சொன்னார். பெருநாளுக்குப் பெருநாள் பண்டார குடும்பத்தோடு டீச்சர் வீட்டுக்கு வருவார். வட்டிலாப்ப இனிப்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிடுவார். அவர் மூத்த மகளின் கலியாணத்தில் குடும்பப் படத்தில் டீச்சரையும் பிடித்து நிறுத்தினார்.

ஒரு வருடம் ரிஸ்வானின் நினைவு நாளன்று எங்களையும் பண்டார குடும்பத்தையும் டீச்சர் வீட்டுக்கு அழைத்தார். தேநீர் குடித்து முடிந்ததும் உள்ளறைக்குப் போய் அலுமாரியைத் திறந்து ஒரு பொதியைக் கொண்டுவந்தார். ரிஸ்வான் கடைசி விடுமுறையில் வந்தபோது துவைத்துவிட்டு எடுக்காமல் போன சீருடை. அதுவரை அதை யாருக்கும் காட்டியதில்லை என்றார். கிறிஸ்டி துணியை விரலால் தடவிப் பார்த்தார். பண்டார எழுந்து, செயற்கைக் காலை நிலத்தில் அறைந்து நிமிர்ந்து, சீருடைக்குச் சலூட் அடித்தார். டீச்சர் எங்கள் முன் அழுதது அன்று ஒருநாள்தான்.

பிறகு அந்த ஏப்ரல் மாதம் வந்தது. தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த அந்த உயிர்த்த ஞாயிற்றுக்கிழமை. வெடிக்கவைத்தவர்கள் முஸ்லிம் பெயர்களைக் கொண்டவர்கள்.

செத்தது எங்கள் கத்தோலிக்கச் சனம். எங்கள் ஊரில் சாவு விழாத பக்கமே இல்லை என்பது போல ஒரு இருள். அன்று பின்னேரம் டீச்சர் தொலைபேசியில் அழைத்தார்.  "உங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லயே?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். கிறிஸ்டியின் ஒன்றுவிட்ட தங்கை அதில் போனதைச் சொன்னேன்.  பிறகு, "நான் வரலாமா, வந்தா உங்களுக்குக் கஷ்டமாகுமா?" என்று கேட்டார். இத்தனை வருடமாக எங்கள் வாசலுக்கு வந்தவர் அப்படிக் கேட்டது எனக்கு இன்னும் வலிக்கிறது. வாருங்கள் என்றேன். வந்தார். எங்கள் தெருவில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் தலைகுனிந்து நடந்து வந்து, செபம் முடியும்வரை வாசலோரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அடுத்து நடந்தவை வேகமாக நடந்தன. எங்கும் தேடுதல். நாடே பயந்து போயிருந்த நாட்கள். கடமையைச் செய்ய வந்தவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஒரு விடியற்காலை டீச்சர் வீட்டுக்கும் வந்தார்கள். அதுவும் பொதுத் தேடுதல் என்றுதான் நினைத்தேன். ஸம்ரா சொன்னபோதுதான் எனக்கு ஏதோ உறைத்தது.

"ஆன்ட்டி, அவங்க ஒண்டையும் கிளறல்ல. குசினிக்கும் போகல்ல, புத்தக ராக்கையையும் பாக்கல்ல. நேரா உள்ளறைக்குப் போய் அலுமாரியத் தொறக்கச் சொன்னாங்க."

முஸ்லிம் வீட்டில் இராணுவச் சீருடை. தாக்குதலுக்கு வேடமிட ஒளித்து வைத்தது என்றுதான் அந்த நாட்களில் அர்த்தம் எடுப்பார்கள். டீச்சரை விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள்.

நானும் கிறிஸ்டியும் உடனே பண்டார வீட்டுக்குப் போனோம். அவர் சங்கத் தலைவர். பதக்கம் பெற்றவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், டீச்சர் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு போனேன். வீட்டில் சங்கத்து ஆட்கள் சிலர் இருந்தார்கள். எங்களைக் கண்டதும் எழுந்து போய்விட்டார்கள். எங்களுக்குச் சொல்லாமல், டீச்சருக்கும் சொல்லாமல் கூட்டம் நடந்திருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். பண்டார கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அக்கா நல்ல மனுசிதான், நங்கி," என்றார். நங்கி என்றால் தங்கச்சி. "ஆனா இப்ப யாருட மனசில என்ன இருக்கு எண்டு யாருக்குத் தெரியும்?"

"அது ரிஸ்வான்ட உடுப்பு எண்டு உங்களுக்குத் தெரியும்தானே? அத மட்டும் வந்து சொல்லுங்க."

"என்னட்ட கேட்டாங்க. இருக்கிறத இருக்கு எண்டு சொன்னேன். அதுக்கு மேல நான் ஒண்டும் சொல்லல்ல."

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அலுமாரிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எங்கள் இரண்டு குடும்பங்கள் மட்டுமே. குசினிக் கதவோரம் நின்ற அவர் மனைவி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிறிஸ்டி எழுந்து நின்றார். அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் அல்ல.

"சார்ஜன்ட், எனக்குக் கண் தெரியாது. ஆனா அந்த உடுப்புக்கு நீங்க சலூட் அடிச்ச சத்தம் நான் கேட்டனான்."

 நாங்கள் இறங்கி நடந்தோம்.

கிறிஸ்டி தானே காவல் நிலையத்துக்குப் போனார். அடையாள அட்டையைக் காட்டி, அந்தச் சீருடை யாருடையது என்று தனக்குத் தெரியும் என்றார். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே நடந்துகொண்டார், கதிரை கொடுத்தார், எழுதிக்கொண்டார். ஆனால் பார்வையில்லாதவர் ஓர் உடுப்பை எப்படி அடையாளம் காட்டுவது? கூடப்போன நானும் கண்டதைச் சொன்னேன்; சிநேகிதியின் வார்த்தை போதாது என்றார்கள். ரிஸ்வான் இருந்த படைப்பிரிவிலிருந்து உறுதிப்படுத்தும் வரை டீச்சரை விடவில்லை. அதற்கு நாட்கள் எடுத்தன.

வெளியே வந்தபோது அவர் மெலிந்திருந்தார். முக்காட்டைத் திருத்தித் திருத்திப் போட்டுக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. சில நாட்கள் கழித்து, மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது, தானாகவே சொன்னார்.

"அவர அங்கயும் கூப்பிட்டு கேட்டாங்க, ஸ்டெல்லா. எனக்கும் அவருக்கும் நடுவுல ஒரு பலகைத் தட்டிதான். நான் இருக்கிறது அவருக்குத் தெரியா. சங்கத்துக்கு வந்து போவாங்க, அதுக்கு மேல பழக்கமில்ல எண்டு சொன்னார்." கத்தியைக் கீழே வைத்தார். "என்ட பேரக் கூட சொல்லல்ல. 'அந்த முஸ்லிம் பொம்புள' எண்டுதான் சொன்னார்."

அதைச் சொன்னபோது அவர் அழவில்லை. திரும்பக் கத்தியை எடுத்து மீனை வெட்டி முடித்தார்.

சீருடை திரும்பி வரவில்லை. பல தடவை போய்க் கேட்டார். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார். கடைசியில் கேட்பதை விட்டுவிட்டார். "தம்பிய ரெண்டாந்தரமும் அடக்கியாச்சு," என்றார். சங்கத்திலிருந்து அவரை யாரும் நீக்கவில்லை. கூட்டங்களுக்குச் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். நீக்கியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இனி அவர் இந்த வேலையை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விட்டுவிடச் சொன்னேன். ஸம்ராவும் சொன்னாள். ஆனால் அடுத்த சனிக்கிழமை குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சில வீடுகளில் கதவைத் திறக்கவில்லை. உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கேட்கும், கதவு திறக்காது. டீச்சர் கொண்டுபோன பழத்தை வாசல்படியில் வைத்துவிட்டு வருவார். வேறு சில வீடுகளில், முன்பை விடக் கூடுதலான பிரியத்தோடு உள்ளே இழுத்தார்கள். முதுகெலும்பு அடிபட்டுப் படுக்கையில் கிடக்கும் ஒருவரின் தாய், டீச்சரின் இரண்டு கையையும் பிடித்து, "நீங்க வராட்டி என் மகனோட கதைக்க வேற யாரு?" என்று அழுதார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் டீச்சர் திரும்பவும் போனார் என்று நினைக்கிறேன்.

பண்டாரவின் வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

அடுத்த வருடப் பெருநாளுக்கு அவரே வந்தார். நான் அன்று அங்கே இருந்தேன். கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவரை டீச்சர் கண்டார். கதிரை ஒன்றைத் தூக்கிவந்து வாசலுக்கு வெளியே, மரநிழலில் போட்டார். "இருங்க, சார்ஜன்ட் மஹத்தயா," என்றார். மஹத்தயா என்றால் ஐயா. மல்லி என்று கூப்பிடவில்லை. தேநீரும் வட்டிலாப்பமும் கொண்டுவந்து வைத்தார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"பயந்துட்டேன், அக்கே," என்று பண்டார மெல்லச் சொன்னார். "எனக்குப் பொம்பளப் புள்ளைகள். உங்களோட பழகினவன் எண்டு என்னையும் சேத்துப் பிடிச்சா..."

"பயந்தது எனக்கு விளங்குது. நானும் பயந்துதான் இருந்தேன். பயந்தா வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். அலுமாரிய ஏன் காட்டினீங்க? என்னைத் தெரியாது எண்டு ஏன் சொன்னீங்க?"

பண்டார வாயைத் திறந்து மூடினார். டீச்சர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். உண்மையாகவே ஒரு பதிலை எதிர்பார்த்து நின்றார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஒன்றும் வராதபோது, "தேத்தண்ணி ஆறுது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பண்டார தேநீரைக் குடித்தார். வட்டிலாப்பத்தைத் தொடவில்லை. அதற்குப் பிறகு அவர் வரவும் இல்லை.

அவரை மன்னித்துவிட்டீர்களா என்று ஒருமுறை கேட்டேன். எங்கள் வளர்ப்பு அப்படி. மன்னிப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் எங்களுக்கு மனம் ஆறாது. டீச்சர் யோசித்துச் சொன்னார்: "மன்னிப்பு அல்லாஹ்ட கையில. அவருக்குக் கெடுதி வரணும் எண்டு நான் துஆ கேக்க மாட்டேன். ஆனா மல்லி எண்டு இனிக் கூப்பிட மாட்டேன். அந்தச் சொல்லுக்குரியவன் ஒருத்தன்தான். இன்னொருத்தருக்கு அதைக் குடுத்தது என்ட பிழை."

அது உங்கள் பிழை இல்லை, டீச்சர். அன்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

கடைசி இரண்டு மூன்று வருடங்களில் இதயம் பலவீனப்பட்டிருந்தது. மாடிப்படி ஏறக்கூடாது, தூரம் நடக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். "எங்கட ஆக்கள் மாடியில இல்லயே," என்று சிரித்துவிட்டு நடந்தார். நாட்டில் டீசல் இல்லாமல் பஸ் ஓடாத காலத்திலும், யாரோ ஒருவரின் மீன் லொறியில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்து கிறிஸ்டியோடு தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அடக்கத்தன்று பெண்களோடு உள்ளே இருந்தேன். கழுவிக் கபன் துணி சுற்றிய பிறகு முகத்தைப் பார்க்க என்னையும் அழைத்தார்கள். அமைதியான முகம் என்று சொல்வது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்னும் யாரிடமோ எதையோ கேட்டுக் காத்திருக்கும் முகமாகத்தான் தெரிந்தது. கிறிஸ்டி ஆண்களோடு மையவாடிக்குப் போய், தன் கையாலும் மண் போட்டுவிட்டு வந்தார். வந்து கையைக் கழுவவில்லை. வீடு வந்து சேரும்வரை அந்தக் கையை மூடியே வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் ஓதும் கத்தத்துக்குப் போனபோது பாலாவிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். மின்கம்பங்கள் இரண்டுக்கு நடுவில் பெரிய பதாகை ஒன்று கட்டியிருந்தார்கள். அதில் டீச்சரின் படம். பண்டாரவின் மகளுடைய கலியாணத்தில் எடுத்தது. சுற்றி நின்றவர்களை வெட்டிவிட்டிருந்தார்கள். 'படைவீரர்களின் அன்புத் தாய்க்கு எமது கண்ணீர் அஞ்சலி' என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதி, கீழே சங்கத்தின் பெயர். அதன் அடியில் தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார் பண்டார. அவருக்கு நன்றாக முதுமை தட்டியிருந்தது.

"நங்கி, சங்கத்தால நினைவுக் கூட்டம் வைக்கிறோம். அக்காவைப் பத்தி நீங்கதான் பேசணும். எல்லாரையும் விட உங்களுக்குத்தான் தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த விசயம் மட்டும் வேணாம். செத்தவங்களுக்கும் அது அழகில்ல."

நான் பேசமாட்டேன் என்றேன். பேசினால் அந்த விஷயத்தைத்தான் முதலில் பேசுவேன் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த மேடையில் பேசாததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். டீச்சர் எந்த நாட்டுக்குத் தம்பியைக் கொடுத்தாரோ, எந்த மனிதருக்கு நடை பழக்கினாரோ, அவர்களிடம் அவர் கேட்டது ஒரு சாட்சி மட்டும்தான். இவரை எனக்குத் தெரியும் என்ற ஒரு வார்த்தை. அது உயிரோடு இருந்தபோது கிடைக்கவில்லை. இறந்த பிறகு சந்தியில் தொங்கியது.

கத்தம் ஓதி முடிந்து சாப்பாடு எல்லாம் கொடுத்தான பிறகு, ஸம்ரா என்னைப் பக்கத்தில் அழைத்தாள். "ஆன்ட்டி, சந்தி வரைக்கும் வாங்க," என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. அவள் கைப்பையில் குசினிக் கத்தி இருந்ததைச் சந்திக்கு வந்த பிறகுதான் கண்டேன்.

பட்டப்பகல். உப்பு ஏற்றிய லொறிகள் திரும்பிக்கொண்டிருந்தன. முச்சக்கர வண்டிக்காரர்கள் நிழலில் நின்று எங்களைப் பார்த்தார்கள். ஸம்ரா பக்கத்துக் கடையில் ஸ்டூல் ஒன்றை வாங்கிவந்து கம்பத்தடியில் போட்டாள். ஏறி, கயிற்றை அறுத்தாள். நான் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கத்தையும் அறுத்ததும் பதாகை என் கைகளில் விழுந்தது. நினைத்ததை விடப் பாரமாக இருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வண்டிக்காரர் ஒருவர் மட்டும் வாயில் இருந்த சிகரெட்டை எடுத்துக் கீழே போட்டார்.

ஸம்ரா அதை நிலத்தில் பட விடவில்லை. முகம் உட்புறம் வரும்படி மடித்து, ஒரு பிள்ளையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வாங்க ஆன்ட்டி," என்றாள். "உம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவம்."

போய் வாருங்கள், டீச்சர். எனக்கு உங்களைத் தெரியும். கிறிஸ்டிக்கு உங்களைத் தெரியும். உங்கள் பெயர் சித்தி பரீதா.